உங்களுக்குத் தெரியுமா? காஞ்சிக்கும் ஒரு புது நகரம் உண்டு

மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் கோட்டை மதிலுக்குள் இருக்கும் பழைய ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பி விடுகிறார்கள். சந்துகள், தோல் பதனிடும் தொட்டிகள், மசூதிகள், செப்புப் பாத்திரக் கடைகள். மதிலுக்கு வெளியே அகலமான சாலையும் ரயில் நிலையமும் கல்லூரிகளும் உள்ள புது ஊர் ஒன்று இருப்பது பலருக்கு நினைவிலேயே நிற்பதில்லை. ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் வாழ்வது என்னவோ மதிலுக்கு வெளியேதான்.

காஞ்சிபுரத்துக்கு வருகிறவர்களும் அப்படித்தான். நாலு கோயில், காந்தி சாலையில் ஒரு பட்டுக் கடை, மதியச் சாப்பாடு, திரும்பும் பஸ். வாலாஜாபாத், எங்கள் தென்னேரி, சுங்குவார்சத்திரம், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் என்று கிழக்கே விரிந்து கிடக்கும் புதுக் காஞ்சியை யாரும் பார்க்க வருவதில்லை. இந்த முறை பத்தி முழுக்க அதைப் பற்றியும், அதற்கு உலகில் உள்ள உறவுகளைப் பற்றியும்தான்.

750 வயதான ‘புது’ ஊர்

ஃபெஸ் நகரில் ‘புதிய ஃபெஸ்’ என்ற பெயரோடு இருக்கும் பகுதி 1276-இல் கட்டப்பட்டது. மரினித் வம்சத்து சுல்தான்கள் தங்கள் அரண்மனைக்காகவும் படைக்காகவும் எழுப்பியது. அதற்குப் பக்கத்தில் இருக்கும் பழைய ஃபெஸ் எட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. காஞ்சியில் ராஜசிம்ம பல்லவன் கைலாசநாதர் கோயிலைக் கட்டி ஒரு நூறாண்டு கூட ஆகாத காலம் அது. பிரெஞ்சுக்காரர்கள் 1916 வாக்கில் மூன்றாவதாக இன்னொரு ஊரைக் கட்டினார்கள். ஆக, ஒரே நகரத்தில் ஒரு பழையதும் இரண்டு புதியதும்.

அந்த ஊரில் எழுதப்பட்ட மதுரை

உலகம் சுற்றிய இப்னு பதூதா மொராக்கோவின் தஞ்சியரில் பிறந்தவர். 1340-களில் தமிழ்நாட்டுக் கரையில் வந்து இறங்கினார். மதுரை சுல்தானின் விருந்தினராக இருந்தார். இலங்கையில் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைப் புத்தளத்தில் சந்தித்தார். ஊர் திரும்பிய பிறகு, மரினித் சுல்தானின் கட்டளைப்படி தாம் கண்டதையெல்லாம் சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸய் என்ற எழுத்தர் எழுதிக்கொண்டார். எழுதி முடித்த ஆண்டு 1355. இடம், அதே ஃபெஸ். 14-ஆம் நூற்றாண்டுத் தமிழகத்தை நேரில் கண்டு சொன்ன மிகச் சில வெளிநாட்டுச் சாட்சிகளில் ஒன்று வட ஆப்பிரிக்காவில்தான் எழுத்தானது.

1914: ஒரே ஆண்டில் இருவர்

1912 மார்ச் 30 அன்று ஃபெஸ் நகரில் கையெழுத்தான ஒப்பந்தத்தால் மொராக்கோ பிரான்சின் பாதுகாப்பு நாடானது. முதல் ரெசிடென்ட் ஜெனரலாக வந்தவர் லியோத்தே. தலைநகரை ஃபெஸ்ஸிலிருந்து ரபாத்துக்கு மாற்றினார். நகரங்களை வரைவதற்கு 1914-இல் ஆன்ரி ப்ரோஸ்ட் என்ற கட்டடக் கலைஞரை வரவழைத்தார். பழைய ஊரில் கை வைக்கக் கூடாது, புதிய ஊரை அதிலிருந்து தள்ளிக் கட்ட வேண்டும், இரண்டுக்கும் நடுவே வீடு கட்டாத வெளி இருக்க வேண்டும் என்பதுதான் கொள்கை. காஸாப்ளாங்கா, ரபாத், ஃபெஸ், மெக்னெஸ், மராகெஷ் எல்லாம் இப்படித்தான் இரட்டை நகரங்களாயின.

அதே 1914-இல் இன்னொருவர் சென்னைக்கு வந்து இறங்கினார். ஸ்காட்லாந்துக்காரரான பேட்ரிக் கெடிஸ். கவர்னர் பென்ட்லண்ட் பிரபுவின் அழைப்பு. உயிரியல் படித்துவிட்டு நகரங்களைப் படிக்க வந்தவர். மதுரை, தஞ்சை, கும்பகோணம் போன்ற கோயில் நகரங்களைக் காலால் நடந்து பார்த்தார். நெரிசலான தெருவுக்கு மருந்து, நேர்கோட்டில் வீடுகளை இடித்து அகலச் சாலை போடுவதுதான் என்று அன்றைய பொறியாளர்கள் நம்பினார்கள். கெடிஸ் அதை ஏற்கவில்லை. இடிந்து விழும் நிலையில் உள்ள ஒன்றிரண்டு வீடுகளை மட்டும் எடுத்தால் போதும். அந்த இடத்தில் ஒரு மரம், ஒரு கிணற்றடி, காற்று வரும் ஒரு திறப்பு. மற்ற வீடுகள் அப்படியே நிற்கட்டும். செலவும் குறையும், குடியிருப்பவர்களும் ஊரை விட்டுப் போக வேண்டியதில்லை. தஞ்சைக் கோட்டைப் பகுதிக்கு அவர் போட்டுக் காட்டிய கணக்கு இன்றும் நகரமைப்புப் பாடத்தில் சொல்லப்படுகிறது. காஞ்சியின் அமைப்பையும் மனமாரப் பாராட்டினார். சி. பி. வேங்கடராம ஐயர் 1916-இல் பழந்தமிழக, தக்காண நகரமைப்பைப் பற்றி எழுதிய ஆங்கில நூலுக்கு முன்னுரை தந்தவரும் அவரே.

டெல்லியில் அப்போது கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் புது டெல்லியை வரைந்துகொண்டிருந்தார். ஷாஜஹானின் பழைய நகரத்தைத் தொடாமல், தள்ளிப் போய்க் கட்டியது அது. 1911-இல் அறிவிப்பு, 1931-இல் திறப்பு. ப்ரோஸ்ட், லட்யன்ஸ் இருவர் வழியும் ஒன்று. கெடிஸ் வழி வேறு. மூவரில் காஞ்சிபுரத்துக்கு உதவக்கூடியவர் யார் என்று கேட்டால், தயங்காமல் கெடிஸ் என்பேன்.

புதியதே பாரம்பரியச் சின்னமான கதை

ஃபெஸ்ஸின் பழைய ஊர் 1981-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 2012-இல் ரபாத் சேர்ந்தபோது, அதன் பழைய மதில்களோடு 1912-க்குப் பிறகு கட்டப்பட்ட புதிய நகரமும் சேர்த்தே அறிவிக்கப்பட்டது. நூறு வயதுகூட நிரம்பாத தெருக்கள் உலகப் பாரம்பரியம் ஆயின. அழகான தெருக்கள்தாம். ஆனால் ஐரோப்பியருக்கு ஒன்று, உள்ளூராருக்கு இன்னொன்று என்று ஊரைப் பிரித்த இந்தத் திட்டத்தை, நகர வரலாற்றாளர் ஜேனட் அபு-லுகோத் 1980-இல் வெளியிட்ட நூலில் நிறவெறிக் கொள்கைக்கே ஒப்பிட்டார். இரண்டும் உண்மை. நம் புதுச்சேரியில் வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் வீதிகளும் மேற்கே தமிழர் வீதிகளுமாகப் பிரிந்திருந்ததை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இராது.

கோட்டையை இடித்தவருக்கு மனை இலவசம்

மதுரையில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1830-களிலும் 40-களிலும் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன், பழைய கோட்டை மதிலை இடிக்கவும் அகழியைத் தூர்க்கவும் முடிவெடுத்தார். அரசிடம் போதிய பணம் இல்லை. மதிலின் ஒரு பகுதியை இடித்து, அகழியின் ஒரு பகுதியை நிரப்புகிறவர்களுக்கு அந்த இடமே சொந்தம் என்று அறிவித்தார். வேலை மளமளவென்று நடந்தது. அப்படிப் பிறந்தவைதான் வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் பெருமாள் மேஸ்திரி வீதிகளும். மாரட் நிலத்தை அளந்தவர். பெருமாள் மேஸ்திரி வேலையை மேற்பார்த்தவர். அரசர் பெயரும் ஆளுநர் பெயரும் இல்லாமல், அளவைக்காரருக்கும் மேஸ்திரிக்கும் வீதிகள் அமைந்த ஊர் அது. மேற்கே, பெரியார் பேருந்து நிலையத்துக்கு அருகே, கோட்டையின் ஒரு துண்டு இன்னும் மிச்சமிருக்கிறது.

காஞ்சிக்கு ரயில் வந்தது 1865-இல்

அரக்கோணத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு இந்தியன் டிராம்வே கம்பெனி ஒரு சிறிய ரயில் பாதை போட்டது. தண்டவாளங்களுக்கு இடையே 3 அடி 6 அங்குலம். இந்தியாவில் அரிதான அளவு. பின்னர் அந்தக் கம்பெனி பெயர் மாறி, தென்னிந்திய ரயில்வேயோடு இணைந்து, 1878-இல் பாதையும் மீட்டர் கேஜ் ஆனது. நகராட்சி அமைந்தது 1866-இல்; மாநகராட்சியாக உயர்ந்தது 2021-இல். புது ஊர் என்றால் நேற்று வந்தது என்று நினைக்க வேண்டாம். காஞ்சி ஒன்றரை நூற்றாண்டாகவே மெல்லக் கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருக்கிறது.

‘காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம்’

இந்தப் பழமொழியைச் சோம்பேறிகளுக்கானது என்று தவறாக எண்ணுகிறவர்கள் உண்டு. குழித்தறியில் உட்கார்ந்து மிதிகட்டையை மாற்றி மாற்றி மிதிப்பதுதான் இங்கே சொல்லப்படும் காலாட்டல். எளிய வேலை அல்ல. உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறமாக நெய்யும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடாக்கள் வேண்டும். இழைக்கு இழை உடலையும் கரையையும் பின்னிக்கொண்டே போக வேண்டும். பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கை கொடுக்காமல் அது நடக்காது. பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. சரிகை சூரத்திலிருந்து. உழைப்பு மட்டும் முழுக்க உள்ளூர்.

பிள்ளையார்பாளையத்தில் விடியற்காலையில் போனால் தெரு நெடுக பாவு நீட்டிச் சீர்செய்வதைப் பார்க்கலாம். அந்தத் தெருக்கள் நீளமாகவும் நேராகவும் இருப்பது அதற்கு எவ்வளவு வசதி என்பது அப்போது புரியும். தறி வீட்டுக்குள், பாவு தெருவில், வியாபாரம் காந்தி சாலையில். ஊரே ஒரு பட்டறையாக இயங்கிய அமைப்பு இது.

இப்படிப்பட்ட பழைய ஊரிலிருந்து ஆட்கள் வெளியேறினால் என்ன ஆகும் என்பதை ஃபெஸ்ஸில் பார்க்கலாம். 1956-இல் மொராக்கோ விடுதலை பெற்றது. பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பினார்கள். அவர்கள் காலி செய்த புது ஊர் வீடுகளுக்குப் பழைய ஊரின் வசதியான குடும்பங்கள் குடிபோயின. பலர் காஸாப்ளாங்காவுக்கே போய்விட்டார்கள். அவர்கள் விட்டுச் சென்ற பெரிய முற்றத்து வீடுகளில் கிராமத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த ஏழைக் குடும்பங்கள் அறைக்கு ஒன்றாகத் தங்கின. பழைய ஊர் நொறுங்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். கல்லும் மரமும் பராமரிப்பின்றிப் போனதற்குக் காரணம் வயது மட்டும் அல்ல. கையில் காசு உள்ளவர்கள் வெளியேறியதும்தான்.

காஞ்சியில் அந்த வெளியேற்றம் வேறு வடிவில் நடக்கிறது. வீடு அங்கேயே இருக்கிறது. பிள்ளைகள் மட்டும் ஷிப்ட் பஸ் ஏறுகிறார்கள். தறியில் அமர்ந்த தகப்பனாரின் மகன் ஒரகடத்தில் மோட்டார் பாகம் பொருத்துகிறார். மகள் சுங்குவார்சத்திரத்தில் செல்போன் பாகம் பொருத்துகிறார். மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., கேன்டீன் சாப்பாடு. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஒரு சேலைக்குக் கிடைக்கும் கூலியையும் அதற்காகும் நாட்களையும் கணக்குப் பார்த்தால் யாராக இருந்தாலும் அந்தப் பஸ்ஸில்தான் ஏறுவார்கள். நெசவு நிலைக்க வேண்டுமானால் கூலி உயர வேண்டும். வேறு வழி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

டாக்ஸியின் நிறம் சொல்லும் ஊர்

மொராக்கோவில் ஊருக்குள் ஓடும் சின்ன டாக்ஸிக்கு ஊருக்கு ஒரு நிறம். ஃபெஸ்ஸிலும் காஸாப்ளாங்காவிலும் சிவப்பு, ரபாத்தில் நீலம். மூன்று பேருக்கு மேல் ஏற்றக்கூடாது என்பது சட்டம். சுங்குவார்சத்திரத்து ஷேர் ஆட்டோவில் ஏறியவர்கள் இந்தச் சட்டத்தைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்.

சாண்ட்ரோவும் நோக்கியாவும்

ஸ்ரீபெரும்புதூர் என்றால் 1990-களின் தொடக்கம் வரை இரண்டு நினைவுகள்தாம்: 1017-இல் பிறந்த ராமானுஜர், 1991 மே 21 அன்று கொல்லப்பட்ட ராஜீவ் காந்தி. 1996-இல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டையில் அடிக்கல் நாட்டியது. 1998-இல் அங்கிருந்து சாண்ட்ரோ கார் வெளியே வந்தது. 2006-இல் நோக்கியா தொழிற்சாலை. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் முதன்முறையாகச் சொந்தச் சம்பளம் வாங்கிய இடம் அது. 2014 நவம்பரில் மூடப்பட்டது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். பிறகு டெய்ம்லர் லாரிகள், ராயல் என்ஃபீல்டு, வல்லம் வடகாலில் யமஹா.

புது ஃபெஸ்ஸில் பிரெஞ்சுக் காபிக்கடைகள் இன்றும் இருக்கின்றன. நாற்காலிகளெல்லாம் தெருவைப் பார்த்தே போட்டிருக்கும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் கொரிய எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த உணவகங்களும் விடுதிகளும் இருக்கின்றன. ஒரு வேறுபாடு பெரியது. பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியாளர்களாக வந்து ஊரை வரைந்தார்கள். கொரியர்கள் முதலீட்டாளர்களாக வந்தார்கள்; தொழிற்சாலைக்குள் இருப்பதை வரைந்தார்கள். வேலிக்கு வெளியே உள்ளதை யாரும் வரையவில்லை. எனவே நான்குவழிச் சாலை இருக்கிறது, நடைபாதை இல்லை. பத்தாயிரம் பேருக்கு வேலை இருக்கிறது, மாலையில் உட்கார ஒரு பூங்கா இல்லை. புதுக் காஞ்சியின் முதல் குறை இதுதான்: அதை ஒரு நகரம் என்று இன்னும் எவரும் ஒப்புக்கொள்ளவில்லை.

18,720 படுக்கைகள்

ஒரு விதிவிலக்கைப் பெருமையோடு சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகால் சிப்காட் வளாகத்தில் பெண் தொழிலாளர்களுக்கென 18,720 பேர் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. செலவு ரூ. 706 கோடிக்கு மேல். 2021 டிசம்பரில் தனியார் விடுதி ஒன்றில் சாப்பிட்ட பெண்களுக்கு உடல்நலம் கெட்டு, நூற்றுக்கணக்கானோர் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராடியதைச் செய்தித்தாள்களில் படித்தவர்களுக்கு இந்த விடுதியின் அருமை தெரியும். திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வரும் பெண்களுக்கு இது முதல் வீடு. எண்ணிக்கையைப் பார்த்தால் ஒரு பேரூராட்சியின் மக்கள்தொகை. இங்கே ஒரு நூலகமும், இரவு எட்டு மணிக்கு மேலும் ஓடும் டவுன் பஸ்ஸும், பெண் மருத்துவர் ஒருவரும் எப்போதும் இருந்தாக வேண்டும்.

ஏரிக்குள் எழுந்த தி. நகர்

தமிழ்நாட்டில் முறையாக வரைந்து கட்டிய முதல் நவீனக் குடியிருப்புகளில் ஒன்று தியாகராய நகர். 1920-இல் சென்னை நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923-இல் நீதிக்கட்சி ஆட்சியில் மாம்பலம் திட்டம் தொடங்கியது. பனகல் பூங்காவை நடுவில் வைத்து, உஸ்மான் சாலை, ஜி. என். செட்டி சாலை, வெங்கட்நாராயணா சாலை என்று அன்றைய தலைவர்கள், அதிகாரிகள் பெயரில் தெருக்கள். ஊருக்கே பெயர் தந்தவர் 1925-இல் மறைந்த பிட்டி தியாகராயர்.

அதற்கு முன் அங்கே இருந்தது நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர் நீண்டு கிடந்த ஏரி. ஆங்கிலேயர் அதை நெட்டேரி என்ற பொருளில் அழைத்தார்கள். அதை வடித்துத்தான் மனைகள் போடப்பட்டன. மிச்சமிருந்த நுங்கம்பாக்கத்துத் துண்டும் 1970-களில் தூர்க்கப்பட்டது. 1976-இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பது அங்கேதான். மேற்கு மாம்பலத்தில் ஏரிக்கரைச் சாலை என்ற பெயர் மட்டும் இருக்கிறது. ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் தண்ணீர் அந்தப் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு வருகிறது.

தென்னேரி

எங்கள் ஊரின் ஏரி காஞ்சி மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று. சங்க காலத்துத் தொண்டைமான் இளந்திரையனோடு இதை இணைத்துச் சொல்வது மரபு. ஊர்க் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. இங்கிருந்து தெற்கே உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் முதற்பகுதியில், குடவோலை முறையைக் கல்லில் வெட்டிவைத்த ஊர். அந்தக் கல்வெட்டில் ஏரி வாரியம் என்று தனியாக ஒரு குழு இருந்தது. ஏரியைத் தூர்வாரவும் கரையைக் காக்கவும் ஆண்டுதோறும் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த வட்டாரத்தில் நகரமைப்பு என்றால் ஏரியிலிருந்துதான் தொடங்கியது.

இந்தப் பக்கத்து ஏரிகள் தனித்தனி அல்ல. மேல் ஏரியின் கலங்கல் வழிந்தால் கீழ் ஏரிக்குத் தண்ணீர். நடுவே ஒரு வாய்க்காலில் சுவர் எழுப்பினாலும் இரண்டு ஊர் கெடும்: மேலூரில் வெள்ளம், கீழூரில் வறட்சி. ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீர்தான் அடையாறாகச் சென்னைக்குள் போகிறது. 2015 டிசம்பரில் அந்த ஆறு என்ன செய்தது என்பதைச் சென்னைவாசிகளுக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. புதுக் காஞ்சியை யாராவது முறையாக வரைய உட்கார்ந்தால், முதல் கோடு சாலைக்கு அல்ல, வரத்துக் கால்வாய்க்கு. ப்ரோஸ்ட் பழைய ஊருக்கும் புது ஊருக்கும் நடுவே வீடு கட்டாத வெளி விட்டார். அவர் விட்டதன் நோக்கம் எனக்கு ஏற்புடையதல்ல. ஆனால் தொழிற்பேட்டைக்கும் ஏரிக்கரைக்கும் நடுவே அப்படி ஒரு வெளி விட நமக்கு நல்ல நோக்கம் இருக்கிறது.

வரதர் வரைந்த எல்லை

காஞ்சி நகரம் எதுவரை? மாநகராட்சி வரைபடம் ஒன்று சொல்கிறது. கோயில் வேறு சொல்கிறது. மாட்டுப் பொங்கலன்று வரதராஜப் பெருமாள் வாலாஜாபாத் வழியில் உள்ள பழையசீவரத்துக்குப் பார்வேட்டைக்கு எழுந்தருளுகிறார். பாலாற்றங்கரை ஊர் அது. சித்ரா பௌர்ணமியன்று ஐயங்கார்குளத்து நடவாவிக் கிணற்றுக்குப் போகிறார். தண்ணீரை இறைத்துவிட்டு, தரைக்கு அடியில் உள்ள மண்டபத்தில் உற்சவம். வழியெங்கும் கிராமத்தார் மண்டகப்படி. பழைய காஞ்சி தன்னைச் சுற்றிய கிராமங்களையும் ஏரிகளையும் தன் உறுப்பாகவே நினைத்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். தொழிற்சாலைப் பேருந்துகள் ஓடும் இதே வட்டாரத்தில்தான் பெருமாளும் ஆண்டுதோறும் வருகிறார்.

வேகவதியும் கீழ்க்கதிர்ப்பூரும்

காஞ்சிக்கு நடுவே ஓடுவது வேகவதி ஆறு. கரையோரத்தில் வாழ்ந்த குடும்பங்களுக்காக ஊருக்கு வெளியே கீழ்க்கதிர்ப்பூரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகளை அரசு கட்டியது. பட்டுப் பூங்காவும் அதே ஊரில்தான். கூலி வேலையும் பள்ளிக்கூடமும் ஊருக்குள் இருக்க, வீடு மட்டும் வெளியே போனால் ஏழைக் குடும்பத்துக்கு பஸ் காசே பாரம். பலர் போகத் தயங்கியதில் வியப்பில்லை. கெடிஸ் நூறு ஆண்டுக்கு முன் சொன்னது இதைத்தான்: ஆட்களைப் பெயர்ப்பதற்கு முன் அவர்கள் இருக்கும் இடத்தை முடிந்தவரை திருத்திப் பாருங்கள்.

பரந்தூர்

2022 ஆகஸ்டில் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூர் தேர்வானது. காஞ்சியிலிருந்து வடகிழக்கே சிறிது தூரம். தேவைப்படும் நிலம் ஐயாயிரம் ஏக்கருக்கு மேல். அதில் கணிசமான பகுதி ஏரியும் குளமும் வாய்க்காலும். பாலாற்று நீரைக் கிழக்கே ஏரி ஏரியாகக் கொண்டுசேர்க்கும் கம்பன் கால்வாய் அந்த நிலத்தின் ஊடாகவே போகிறது. அந்த நிலத்தில் அடங்கும் ஏகனாபுரத்து மக்கள் அறிவிப்பு வந்த நாளிலிருந்து எதிர்த்து நிற்கிறார்கள். மத்திய அரசின் கொள்கை அளவிலான ஒப்புதல் 2025-இல் கிடைத்தது. விமான நிலையமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆறு கிலோமீட்டர் ஏரியைத் தொலைத்த சென்னைக்காக, இன்னொரு ஏரித் தொடரைக் காஞ்சி இழக்க வேண்டுமா என்ற கேள்விக்கு ஏகனாபுரத்தாருக்கு நேரான பதில் தரப்பட வேண்டும் என்கிறேன்.

ஒரு நாளில் பார்க்க

புதுக் காஞ்சியைச் சுற்றிப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: காலை ஆறு மணிக்குப் பிள்ளையார்பாளையம், பாவு நீட்டும் தெருக்களில் நடக்கலாம், நெசவாளர்கள் வேலையில் இருப்பார்கள், கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். பிறகு அண்ணா பிறந்து வாழ்ந்த ஊரில் அவர் நினைவு இல்லம். காரப்பேட்டையில் அவர் பெயரால் 1969-இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையைப் பஸ்ஸிலிருந்தே பார்க்கலாம். தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் இருந்து நோயாளிகள் காஞ்சிக்கு வருவது அதற்காக. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய வாலாஜாபாத்தில் இறங்கி டீ குடித்துவிட்டு, தென்னேரிக்கு வாருங்கள். மழைக்காலம் முடிந்தபின், மார்கழி, தையில் வந்தால் ஏரியில் தண்ணீர் இருக்கும், கரைமேல் நடக்கலாம். மதியம் இரண்டு மணிக்குள் சுங்குவார்சத்திரம் போய்விடுங்கள். ஷிப்ட் மாறும் நேரம் அது. பிறகு ஸ்ரீபெரும்புதூரில் ஆதிகேசவப் பெருமாளும் ராமானுஜரும். மாலை நாலரைக்குத்தான் நடை திறக்கும் என்பதால் அவசரம் வேண்டாம், இடையில் கொரியச் சாப்பாடு வேண்டுமானால் கிடைக்கும். அங்கிருந்து சென்னைக்கும் காஞ்சிக்கும் இரவு வரை பஸ் உண்டு.